மனச்சோர்வும் கவனப் பயிற்சியும்

மனச்சோர்வு என்பது ஒரு நோய் என்று ஒப்புக்கொள்ள நம்மவர் இன்னும் தயங்குகின்றனர். காய்ச்சல் கண்டால் வைத்தியசாலைக்கு ஓடுகின்றோம்; கால் முறிந்தால் கட்டுப் போடுகின்றோம். ஆனால் ஒருவன் விடியலில் விழித்தும் பாயைவிட்டு எழ மாட்டாமல், உண்பதில் சுவையும் பேசுவதில் விருப்பமும் இழந்து, வாரக்கணக்காய்ச் சுவரை நோக்கிக் கிடப்பானாயின், அவனுக்குச் சோம்பேறி என்ற பட்டமோ, காற்றுக் கருப்பு அண்டிவிட்டது என்ற தீர்ப்போ கிடைக்கின்றதேயன்றி மருந்து கிடைப்பதில்லை. தோட்டமாயின் பூசாரி வருகின்றார்; பட்டணமாயின் சோதிடர் வருகின்றார். இருவர்க்கும் கொடுத்த பணம் போனதுதான் மிச்சம். நோய் நின்ற இடத்திலேயே நிற்கின்றது.

பிறரைக் குறைகூறுதற்காக நாம் இதனை எழுதவில்லை. நமக்கே அந்நோய் இருமுறை வந்து போயிற்று. நம் தமக்கையாருக்கு நான்கு முறை வந்தது. இரண்டு, நான்கு என்னும் இவ்வெண்களை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகின்றோம். பின்னால் அவற்றுக்கு வேலை உண்டு.

நாம் செபராங் பிறையில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணியாயிருக்கின்றோம். தமக்கையார் பாலத்துக்கு அப்பால், பினாங்குத் தீவின் பாயான் பாருவில் அடுக்குமாடி வீடொன்றில் குடியிருக்கின்றார். 1972-ம் ஆண்டில் பாயான் லெப்பாசில் தீர்வையற்ற தொழிற்பேட்டை தொடங்கியபின், அங்கே வேலைக்கு வந்தோர் குடியிருப்பதற்கென அமைந்த ஊர் அது. தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தாய்மாரின் பெண்மக்கள் பலர் அப்பக்கம் சென்று மின்னணுத் தொழிற்சாலைகளில் அமர்ந்தனர். தமக்கையாரும் அவ்வாறு சென்றவரே. நகத்தினும் சிறிய சில்லுகளைப் பூதக்கண்ணாடியின் கீழ் வைத்துப் பழுது கண்டுபிடிப்பது அவர் வேலை. சென்ற ஆண்டில் நான்காம் முறையாக நோய் வந்து தணிந்தபோது, வைத்தியம் பார்த்த மருத்துவர், மாத்திரையோடு எட்டு வாரக் கவனப் பயிற்சி வகுப்பொன்றுக்கும் போய்வரச் சொன்னார்.

“தம்பி, நாள் முழுக்கக் கண்ணாடியிலே கவனம் வச்சுத்தானே சம்பளம் வாங்குறேன், இன்னும் என்ன கவனம்? கண்ணை மூடி உக்காந்தா கவலை போயிடும்னா, ஊர்ச் சாமியாருக்கெல்லாம் கவலையே இருக்காதே!” என்றார் அவர்.

கேள்வி நியாயமானது. இது வைத்தியமா, அன்றி வைத்தியத்தின் வேடம் போட்டுக்கொண்டு வந்த பழைய சரக்கா என்று அறியாமல், உடன்பிறந்தவரைப் போகச் சொல்லவும் நமக்கு மனம் வரவில்லை. போகவேண்டாம் என்று தடுக்கவும் துணிவில்லை. நாம் படித்தது ஆங்கிலப் பள்ளியில். நம் தமிழில் குறையிருப்பின் வாசகர் பொறுப்பாராக. ஆயினும் அப்படிப்பினால் ஒரு வசதி உண்டு. ஆராய்ச்சி ஏடுகளை நேரே படிக்க முடிந்தது. அப்படிப் படித்ததில் தெரியவந்த வரலாற்றையே ஈண்டு எழுதுகின்றோம்.

மனநோய் மருத்துவர் மனச்சோர்வு என்று சொல்வது ஒருநாள் துயரத்தையன்று. ஏறக்குறைய நாள் முழுவதும், இரண்டு வாரத்துக்குக் குறையாமல், மனம் தாழ்ந்தோ எதிலும் நாட்டமற்றோ இருத்தல் வேண்டும். அதனோடு உறக்கம், உணவு, உடல்வலிமை, சிந்தனை ஆகியவையும் கெடுதல் வேண்டும். இவற்றுள் சிந்தனை கெடுதல் என்பதே நம் கட்டுரைக்குரியது. இரண்டாம் முறை நோய்வாய்ப்பட்டிருந்தபோது, விடியற்காலைப் பிரட்டுக்கு நாமே நின்று பெயர் வாசித்தோம். ஒவ்வொருவராய்க் குரல் கொடுத்ததைக் காது கேட்டது. மாத முடிவில் பார்த்தால், நாள் தவறாமல் வந்த ஒரு அம்மாளுக்குச் செக்ரோலில் நான்கு நாள் வராக்குறி போட்டிருந்தோம். அவர் நம்மேல் கோபிக்கவில்லை. “கிராணி ஐயாவுக்கு உடம்பு சரியில்லை போல” என்று மட்டும் சொன்னார். தோட்டத்தில் நம் நோயை நோயென்று முதலில் கண்டவர் அவரே.

அந்நாட்களில் நம் கவனம் எங்கே போயிருந்தது? அமெரிக்க நாட்டு மனோதத்துவ அறிஞர் சூசன் நோலன்-ஹோக்ஸிமா என்னும் அம்மையார் 1991-ம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி இதற்கு விடை தருகின்றது. துயரம் வந்தபோது சிலர் வேறு வேலையில் இறங்குகின்றனர். சிலரோ ‘ஏன் எனக்கு இப்படி நேர்ந்தது, நான் ஏன் இப்படி இருக்கின்றேன்’ என்று அதனையே திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருக்கின்றனர். பின்னவர்க்குத் துயரம் நீடிக்கின்றது. இதனை அசைபோடுதல் என்று நாம் சொல்லலாம். மாடு அசைபோட்டால் தின்றது செரித்து உடம்பில் சேரும். மனிதன் அசைபோட்டால் ஒன்றும் செரிப்பதில்லை. இது ஒன்றே வேறுபாடு. சிந்திக்கின்றோம் என்ற எண்ணம் மட்டும் இருக்கும். முடிவு எதுவும் பிறவாது.

கவனம் கெடுதல் இந்நோயின் விளைவு மட்டுமன்று, நோயை நிலைக்கச் செய்வதும் அதுவே என்றால், கவனத்தைப் பழக்கி நோயைக் குறைக்க முடியுமா என்ற கேள்வி தானே எழும். அக்கேள்வி எழுவதற்கு நெடுங்காலம் முன்னரே பயிற்சி இருந்தது. அது மேல்நாட்டு வைத்தியசாலைக்கு வந்து சேர்ந்த வழி, நம் மக்கள் நடந்த வழியோடு ஓரிடத்தில் சந்திக்கின்றது.

இங்கிலாந்தில் 1843-ம் ஆண்டில் பிறந்த தாமஸ் வில்லியம் ரைஸ் டேவிட்ஸ் இலங்கை அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தவர். காலியில் நீதிபதியாயிருந்தபோது, விகாரை பற்றிய ஒரு வழக்கில் பாலி மொழி ஆவணம் ஒன்று சாட்சியமாக வந்தது. அதன் பின்னரே அவர் ஒரு பிக்குவிடம் அம்மொழியைக் கற்கலானார். 1871-ம் ஆண்டில் அநுராதபுரத்தைத் தலைநகராய்க் கொண்ட நுவரகலாவிய வட்டாரத்துக்கு உதவி அரசாங்க அதிபரானார். அதே காலத்தில் மன்னார்க் கரையில் இறங்கிய நம் முன்னோர், மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களை நோக்கி அவ்வட்டாரத்துக் காட்டினூடேதான் மூட்டை முடிச்சுகளுடன் நடந்துகொண்டிருந்தனர். காலராவிலும் காய்ச்சலிலும் வழியோரத்திலேயே மாண்டவர் பலர். துரை ஏட்டைப் படித்தார். கூலிகள் காட்டைக் கடந்தனர். பின்னர் குடிகளிடம் முறையின்றி அபராதம் வாங்கினார் என்ற குற்றச்சாட்டில் அவர் உத்தியோகம் போயிற்று. போனது உலகுக்கு நன்மையாய் முடிந்தது என்றே சொல்ல வேண்டும். இங்கிலாந்து திரும்பிய அவர், 1881-ம் ஆண்டில் புத்தரின் சுத்தங்கள் சிலவற்றை மொழிபெயர்த்து வெளியிட்டார். ‘சதி’ என்னும் பாலிச் சொல்லுக்கு அந்நூலில் அவர் இட்ட ஆங்கிலச் சொல்லே ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்று இன்று கடைவீதிவரை விலைபோவது.

‘சதி’ என்றால் தமிழில் வஞ்சனை என்றும் உடன்கட்டை என்றும் பொருள்படும், இது அதுவன்று. வடமொழியில் இதற்கு நேர் ‘ஸ்மிருதி’. உடனே நம் வாசகர்க்கு மநுவே நினைவுக்கு வருவார்; இது அவருமன்று. நினைவு, மறவாமை என்பதே அதன் வேர்ப்பொருள். இப்பொழுது செய்துகொண்டிருப்பது இன்னது என்பதை மறவாதிருத்தல் என்று விரித்துக்கொள்ளலாம். திருக்குறளின் 54-ம் அதிகாரத்துக்குப் பொச்சாவாமை என்று பெயர். அதற்கும் மறவாமை என்றே பொருள். அங்கு அரசனுக்குச் சொன்ன காவல், இங்கு ஒவ்வொருவருக்கும் சொல்லப்பட்டது. இக்கருத்து தமிழர்க்கு அயலானதும் அன்று. மணிமேகலையைப் பெற்ற மொழி நம்முடையது. இராசராசன் காலத்தில், 1006-ம் ஆண்டளவில், நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரையை எழுப்பியவன் கடாரத்து அரசன். அக்கடாரமே பினாங்குக்கு எதிர்க்கரையில் நாம் காணும் கெடா.

நிற்க. சொல் பெயர்க்கப்பட்டது இலங்கையில் கற்ற ஒருவரால்; பயிற்சி வளர்ந்ததோ பர்மாவில். 1885-ம் ஆண்டில் ஆங்கிலேயர் மாண்டலேயைப் பிடித்து அரசனை நாடு கடத்தியபின், சமயத்தைப் புரக்க அரசன் இல்லை. அந்நிலையில் லெடி சயாதோ (1846–1923) என்னும் பிக்கு ஊர் ஊராய்ச் சென்று, துறவிகளின் உடைமையாயிருந்த தியானத்தை உழவர்க்கும் வணிகர்க்கும் சொல்லிக்கொடுத்தார். அவ்வழியில் வந்த சயா தெட் ஜி என்பவர் துறவியல்லர், ஓர் உழவர். அவரிடம் 1937-ம் ஆண்டில் மாணவராய்ச் சேர்ந்தவர் ஒரு கிராணி. நாமும் கிராணியாதலின் இவர் கதையில் சற்றுத் தங்குவதை வாசகர் மன்னிப்பாராக.

அவர் பெயர் ஊ பா கின். 1899-ம் ஆண்டில் இரங்கூனில் எளிய குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியிறுதித் தேர்வில் தங்கப் பதக்கமும் கல்லூரி உபகாரச் சம்பளமும் பெற்றும், குடும்ப வறுமையால் படிப்பை விட்டுவிட்டார். ஒரு செய்தித்தாளிலும், பின்னர் அரசாங்கக் கணக்குத் தலைவர் அலுவலகத்தில் கணக்குக் கிராணியாகவும் அமர்ந்தார். 1931-ம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். தமிழ்க் கிராணிமாரும் அவ்வூரில் இருந்தனர். பா கின் 1926-ம் ஆண்டில் கணக்குத் தேர்வில் தேறினார். 1948-ம் ஆண்டு ஜனவரி 4-ம் நாள் பர்மா விடுதலையடைந்தபோது, தாம் கிராணியாய் நுழைந்த அலுவலகத்துக்கே தலைவரானார். 1950-ம் ஆண்டில் அவ்வலுவலகத்தார்க்கே ஒரு தியானச் சங்கம் அமைத்தார். 1952-ம் ஆண்டில் இரங்கூனில் தனி நிலையம் ஒன்று நிறுவினார். பகலில் பேரேடு, மாலையில் பயிற்சி. முதலில் மூக்கு நுனியில் மூச்சு வந்து போவதைக் கவனித்தல். பிறகு உச்சி முதல் உள்ளங்கால்வரை உடலில் தோன்றி மறையும் உணர்ச்சிகளை வரிசையாகக் கவனித்தல். கணக்குப் பார்ப்பவன் வகுத்த முறை என்பது அவ்வரிசையிலேயே தெரிகின்றது. வரவு எது, செலவு எது என்று பார்ப்பதேயன்றி, ‘ஏன் வந்தது, ஏன் போயிற்று’ என்று அழுதுகொண்டிருத்தல் கணக்கரின் வேலையன்று.

மாண்டலேயில் பிறந்த மார்வாடி வணிகர் கோயங்கா 1955-ம் ஆண்டில் அவரிடம் வந்தார். அவரைக் கொண்டுவந்து விட்டது தீராத ஒற்றைத் தலைவலி. தலைவலிக்கு மருந்தாக இதனைத் தர முடியாது என்று பா கின் முதலில் மறுத்தாராம். இதனைக் கவனிக்க வேண்டும். நோய் தீரும் என்று ஆசைகாட்டி ஆள் சேர்க்கும் நம்மூர்ச் சாமியார்களுக்கும் இக்கணக்கருக்கும் உள்ள தூரம் அதில் இருக்கின்றது. கோயங்கா 1969-ம் ஆண்டில் இந்தியாவுக்கு வந்து பத்து நாள் வகுப்புகளைப் பரப்பினார்.

பர்மாவிலேயே மகாசி சயாதோ (1904–1982) வேறொரு முறையைக் கற்பித்தார். வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனித்து, மனம் ஓடினால் ‘ஓடுகின்றது’ என்று குறித்துக்கொண்டு திரும்புவது அம்முறை. 1952-ம் ஆண்டில் அவரிடம் பயின்றவருள் ஒருவர் ஞானபோனிக தேரர். இவர் ஜெர்மன் நாட்டு யூதர். இலங்கைக்கு வந்து துறவு பூண்டார். 1939-ம் ஆண்டில் போர் மூண்டபோது, ஜெர்மானியர் என்பதனாலேயே ஆங்கிலேயரால் தியத்தலாவையிலும் பின்னர் டேராடூனிலும் 1946 வரை முகாமில் அடைக்கப்பட்டார். இட்லரிடமிருந்து தப்பிய யூதரை இட்லரின் நாட்டார் என்று சிறைவைத்த அரசாங்கத்தின் அறிவுக்கூர்மையை என்னென்பது! கண்டியில் வாழ்ந்த இத்தேரர் 1954-ம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டார். கண்டதைக் கண்டபடி, கேட்டதைக் கேட்டபடி, தீர்ப்பும் கதையும் சேர்க்காமல் கவனிப்பதை அந்நூலில் ‘வெறுங்கவனம்’ என்று பொருள்படும் சொல்லால் குறித்தார். மேல்நாட்டார் பலர்க்கு இப்பயிற்சி விளங்கியது அந்நூலால்.

இனி வைத்தியசாலை. 1979-ம் ஆண்டில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபாட்-சின் என்னும் உயிரியல் அறிஞர், மருந்தால் தீராத வலியுடையோர்க்குப் பயிற்சி ஒன்று தொடங்கினார். படுக்கவைத்துக் கால் விரலிலிருந்து உடலை வரிசையாகக் கவனிக்கச் செய்யும் அவரது பாடத்துக்குப் பா கின் வழியே மூலம். புத்தர் பெயரும் இல்லை, பூசையும் இல்லை. வலி போகும் என்று அவர் சொல்லவில்லை. வலியோடு சண்டையிடுதல் குறையும் என்றார்.

மனச்சோர்வுக்கு இதனைக் கொண்டுவந்தவர் மூவர்: இங்கிலாந்தின் ஜான் டீஸ்டேல், வேல்ஸ் நாட்டில் பணியாற்றிய மார்க் வில்லியம்ஸ், கனடாவின் ஜிண்டல் சீகல். நோயைத் தீர்ப்பது அவர் நோக்கமன்று. தீர்ந்தவர்க்குத் திரும்ப வாராமல் தடுப்பதே நோக்கம். நோய் பலமுறை வந்தவர்க்குச் சிறு வாட்டம் வந்தாலும் பழைய எண்ணங்கள் எல்லாம் கோத்த மணிபோல் தொடர்ந்து வந்துவிடுகின்றன. மணி கோர்க்கத் தொடங்கும்போதே கண்டுகொண்டு கவனத்தை மூச்சுக்கோ உடலுக்கோ திருப்பப் பழகினால், மாலை முடியாது என்பது அவர் எண்ணம். முதல் வாரத்தில் ஓர் உலர்ந்த திராட்சையைக் கையில் கொடுத்து, முன் ஒருபோதும் காணாத பொருளைப்போல் பார்த்து, முகர்ந்து, மெல்லச் சுவைக்கச் செய்கின்றனர். பின்னர் மூச்சு, பின்னர் நடை, நாளில் சிலமுறை மூன்று நிமிட ஓய்வு. எண்ணம் என்பது எண்ணமேயன்றி நடந்த உண்மையன்று என்பது எட்டு வாரத்தின் சாரம். மனத்தை வெறுமையாக்கச் சொல்கின்றார்கள் என்று பலர் நினைப்பது தவறு. மனம் ஓடும், ஓடியதைக் கண்டு திரும்புவதே பயிற்சி. நூறுமுறை ஓடினால் நூறுமுறை திரும்பியவன் தோற்றவனல்லன்.

நம் தமக்கையார் கேட்ட கேள்விக்கு விடையும் இதுவே. தொழிற்சாலையில் அவர் கவனம் சில்லின்மேல் கட்டிவைக்கப்பட்டிருக்கின்றது. விலகினால் மேற்பார்வையாளர் அதட்டுவார். அங்கே விலகுதல் குற்றம். இங்கே விலகியதை அறிதலே பாடம்.

எண்ணம் நன்று, பலன் உண்டா? டீஸ்டேலும் மற்றவரும் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட பரீட்சையில் 145 பேர் இருந்தனர். சீட்டுக் குலுக்குவதுபோல் எவர் எந்தப் பக்கம் என்று முடிவு செய்து, ஒரு பாதியினர்க்கு வழக்கமான வைத்தியத்தோடு பயிற்சியும், மறுபாதியினர்க்கு வழக்கமான வைத்தியம் மட்டும் கொடுத்தனர். நம்பிக்கைக்கும் ஆராய்ச்சிக்கும் வேறுபாடு இந்தக் குலுக்கலில் இருக்கின்றது. தனக்கு வேண்டியவரைத் தான் பொறுக்கிக்கொள்ள முடியாது. 60 வாரம் கழித்துப் பார்த்தபோது, முன்பு மூன்றோ அதற்கு மேலோ முறை நோயுற்றவருள், பயிற்சியில்லாதவர்க்கு நூற்றுக்கு 66 பேர்க்கு நோய் திரும்பியிருந்தது. பயின்றவர்க்கு 37 பேர்க்கே. 2004-ம் ஆண்டில் ஹெலன் மா என்னும் அம்மையாரும் டீஸ்டேலும் மீண்டும் சோதித்தனர். இவ்வகையினர் 55 பேரில் பயிற்சியில்லாதவர் நூற்றுக்கு 78, பயின்றவர் 36.

நாம் இதுவரை படித்து மகிழ்ந்தோம். அடுத்த வரியைப் படித்ததும் ஏட்டை மூடிவைத்துவிட்டு வெகுநேரம் இருந்தோம். இருமுறை மட்டும் நோயுற்றவர்க்கு முதற் பரீட்சையில் பயிற்சியால் பயன் காணப்படவில்லை. இரண்டாவதில், அவ்வகையினர் 18 பேரில் பயிலாதவர்க்கு நூற்றுக்கு 20, பயின்றவர்க்கு 50 என்று நோய் திரும்பியிருந்தது. தமக்கையார் பயன்பெறும் வரிசையில் நிற்கின்றார். நாம் பயன்பெறாத வரிசையில் நிற்கின்றோம். 18 பேர் என்பது சிறு தொகை, அதைக்கொண்டு பயிற்சி தீங்கு செய்யும் என்று முடிவுகட்ட இயலாது என்பதை நாம் அறிவோம். ஆனால் தொகை சிறிது என்று தள்ளுவதானால், நமக்குப் பிடித்த 55-ஐயும் பெரிது என்று கொண்டாடுதல் தகாது.

காரணம் என்னவென்று அவர்களே ஆராய்ந்தார்கள். பலமுறை வீழ்ந்தவர்க்குப் பெரும்பாலும் இளமையிலேயே நோய் தொடங்கியிருந்தது. வெளியில் ஒன்றும் நேராமலே, உள்ளே சுழலும் எண்ணத்தால் அது திரும்பிற்று. பயிற்சி நன்கு தடுத்தது அதனையே. இருமுறை வீழ்ந்தவர்க்கோ சாவு, பிரிவு போன்ற பெருந்துன்பம் நேர்ந்தபின் நோய் வந்தது. அவ்வாறு வந்ததைப் பயிற்சி தடுக்கவில்லை.

இச்செய்தி தோட்டத்தார்க்குப் பெரிது. மலாயாவில் 1950-களில் வெள்ளைக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுப் போனபோது, அவை துண்டு துண்டாய் விலைபோயின. தோட்டத் துண்டாடல் என்று நம் பெரியோர் இன்றும் சொல்வது அதுவே. பின்னர் வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் எடுக்கப்பட்டபோது வேலையும் வீடும் பள்ளியும் கோயிலும் ஒன்றாய்ப் போயின. வீட்டை இழந்து பட்டணத்துப் புறம்போக்கில் நின்றவனிடம் மூச்சைக் கவனிக்கச் சொல்வது கேலி. அவனுக்கு வேண்டியது வீடு. நமக்கு முதல்முறை நோய் வந்தது தந்தையார் இறந்த ஆண்டில். இரண்டாம் முறை, நாம் வளர்ந்த தோட்டம் கைமாறி லயன்கள் இடிக்கப்பட்ட ஆண்டில். ஏடு சொன்னது நம் கணக்கோடு ஒத்துப்போகின்றது.

பெரிய பரீட்சைகள் பின்னர் வந்தன. இங்கிலாந்தில் வில்லம் கய்கன் குழுவினர் 424 பேரைச் சோதித்து, 2015-ம் ஆண்டில் முடிவை வெளியிட்டனர். ஒரு பகுதியார் மாத்திரையைத் தொடர்ந்தனர். மறுபகுதியார் பயிற்சி பெற்று, மருத்துவர் துணையோடு மாத்திரையைக் குறைத்தனர் அல்லது விட்டனர். 24 மாதத்தில் நோய் திரும்பியோர் முறையே நூற்றுக்கு 47, 44. பயிற்சி மாத்திரையை வென்றுவிடவில்லை. அதற்குச் சமமாக நின்றது. மாத்திரையை விடவேண்டும் என்றோ, தானே விடலாம் என்றோ இதற்குப் பொருளன்று. நோய் முற்றி நிற்கும்போது பத்து நாள் மௌன வகுப்பில் போய் உட்காருவதும் ஆகாது. எட்டு வாரப் பாடமே நோய் தணிந்தவர்க்கென வகுத்தது.

தமிழரிடையே இது சோதிக்கப்பட்டதா என்று தேடினோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்து மனநோய் மருத்துவப் பேராசிரியராயிருந்த தயா சோமசுந்தரம், போரில் நொந்தவர்க்கு அவரவர் சமயச் சொல்லையும் மூச்சையும் கொண்டே அமைதிப் பயிற்சி தந்தவர். 2004-ம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின், போரையும் அலையையும் கண்ட வடகிழக்கிலங்கைப் பிள்ளைகள் 31 பேரை வைத்து ஒரு பரீட்சை நடந்தது. 2009-ம் ஆண்டில் அது வெளிவந்தது. நடந்ததை வரிசையாகச் சொல்லவைக்கும் முறை ஒரு பகுதியார்க்கு; தியானமும் தளர்ச்சியும் மறுபகுதியார்க்கு; இரண்டும் ஆறு அமர்வு. உள்ளூர் ஆலோசகரே பயிற்சி பெற்று நடத்தினர். ஆறு மாதத்தில் நூற்றுக்கு 81 பேரும் 71 பேரும் தேறினர். ஆனால் இது அதிர்ச்சி நோய்க்கானது, சோர்வு நோய்க்கன்று. ஒன்றும் செய்யாமல் விடப்பட்ட பகுதியார் இல்லாமையால், காலமே ஆற்றியது எவ்வளவு என்று பிரித்தறியவும் முடியாது.

கண்ணை மூடி மூச்சைப் பார்ப்பது ஒன்றே கவனப் பயிற்சி என்று எண்ண வேண்டா. மான்செஸ்டர் நகரத்து ஏட்ரியன் வெல்ஸ் 1990-ம் ஆண்டில் வெளியிட்ட முறையில் தியானமே இல்லை. அறையிலும் வெளியிலும் எழும் பல ஓசைகளுள் ஒன்றை மட்டும் ஐந்து நிமிடம் கேட்டல். பின் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு விரைந்து மாறுதல். முடிவில் இரண்டு நிமிடம் எல்லாவற்றையும் ஒருங்கே கேட்டல். கவனம் நம் ஏவலைக் கேட்கும் என்று மனம் கண்டுகொள்வதே நோக்கம். 2000-ம் ஆண்டில் மீண்டும் மீண்டும் சோர்வுற்ற நால்வர்க்கு இதனைக் கொடுத்தபோது நால்வரும் தேறினர். நால்வர் என்பது நால்வரே; அதற்கு மேல் நாம் சொல்லவில்லை.

இன்று இப்பயிற்சி பள்ளிக்கும் தொழிற்சாலைக்கும் வந்துவிட்டது. பிரிட்டனின் 85 பள்ளிகளில் 8,376 மாணவரை வைத்துச் சோதித்து 2022-ம் ஆண்டில் வெளியிட்ட முடிவில், எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவாய்க் கற்பித்ததனால் வழக்கமான பாடத்தைவிட நன்மை காணப்படவில்லை. தொழிற்சாலைக்கு வருவதில் நமக்கு வேறொரு ஐயம். தொடர்ந்தாற்போல் இரவு வேலை கொடுத்து உறக்கத்தைக் கெடுத்தபின், மன அமைதிக்கென ஒரு மணி வகுப்பு வைப்பவர் எதை மறைக்கின்றார் என்று கேட்கத்தான் வேண்டும்.

நோயை மறைப்பதிலோ நாம் கைதேர்ந்தவர். தற்கொலைக்கு முயன்று பிழைத்தவனைக் குற்றவாளியாக வைத்திருந்த தண்டனைச் சட்டத்தின் 309-ம் பிரிவு மலேசியாவில் 2023-ம் ஆண்டில்தான் நீக்கப்பட்டது. சட்டமே பயமுறுத்திய காலத்தில் வளர்ந்த பழக்கம் ஒரு நாளில் போய்விடாது. நம் தமக்கையார் மூன்று முறை நோயைத் தொழிற்சாலையில் ‘வயிற்றுவலி’ என்றே எழுதிக்கொடுத்து விடுப்பு எடுத்தார்.

படித்ததையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயான் பாருவில் அவரிடம் சொன்னோம். நான்குமுறை என்பதற்கு ஏடு சொன்னதையும், இருமுறை என்பதற்குச் சொன்னதையும் மறைக்காமல் சொன்னோம். பர்மாக் கிராணி கதையைத்தான் அவர் மிகவும் கேட்டார். பினாங்கிலேயே 1803-ம் ஆண்டு முதல் பர்மியர் கோயில் இருப்பதும், மகாசி முறையைக் கற்பிக்கும் நிலையம் ஒன்று இத்தீவில் இருப்பதும் அவருக்கு வியப்பாயிருந்தது. கோயிலுக்கெல்லாம் போகமாட்டேன், வைத்தியசாலை வகுப்புக்கு வேண்டுமானால் போய்ப் பார்க்கிறேன் என்றார்.

இப்போது ஐந்தாம் வாரம் நடக்கின்றது. மாத்திரையை மருத்துவர் சொன்ன அளவில் விடாமல் உட்கொள்கின்றார். முதல் வாரத்துத் திராட்சையை எண்ணி இன்னும் சிரிக்கின்றார். இரவு வேலை முடிந்து வந்து, உறக்கம் வாராமல் பழைய எண்ணம் தொடங்கும்போது, “இதோ ஆரம்பிச்சிட்டுது” என்று மட்டும் சொல்லிக்கொண்டு மூச்சுக்குத் திரும்புவதாகவும், சில நாள் முடிகின்றது, சில நாள் முடியவில்லை என்றும் சொல்கின்றார். நாமோ அவர் வீட்டுத் தாழ்வாரத்தில் அமர்ந்து வெல்ஸ் சொன்னபடி ஓசைகளைக் கேட்டுப் பழகுகின்றோம்: பாயான் லெப்பாசில் இறங்கும் விமானம், கீழே மோட்டார் சைக்கிள், பக்கத்து வீட்டில் கடுகு தாளிக்கும் ஒலி, தொலைவில் தொழுகை அழைப்பு. வகுப்பு முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கின்றது. நோய் திரும்புகின்றதா இல்லையா என்பது தெரிய 60 வாரம் ஆகும்.